நடுநிலைப் பள்ளியை எப்படி மதிப்பிடுவது?

ஒவ்வோர் ஆண்டும் பள்ளிகள் திறப்பதற்கு முந்தைய சில வாரங்களில் பெற்றோர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்று உண்டு: 'அந்தப் பள்ளிக்கூடம் எப்படி?' மேல்நிலைப் பள்ளியாக இருந்தால் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி விகிதத்தைச் சொல்லிவிடலாம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியாக இருந்தால் சொல்வதற்கு அப்படி ஓர் எண் கிடையாது. எட்டாம் வகுப்பு வரை பொதுத் தேர்வு இல்லை. ஐந்து, எட்டாம் வகுப்புகளில் மாணவர்களைத் தேர்ச்சியின்றி நிறுத்திவைக்க மத்திய அரசு 2024 டிசம்பரில் விதிகளைத் திருத்தியபோதும், தமிழகம் எட்டாம் வகுப்பு வரை கட்டாயத் தேர்ச்சி முறையே தொடரும் என்று அறிவித்துவிட்டது. ஆகவே, பள்ளி எப்படி என்ற கேள்விக்கான விடை வேறு இடங்களில் தேடப்படுகிறது. கட்டடத்தின் தோற்றம், வாசலுக்கு வேன் வருகிறதா என்பது, அங்கே யார் வீட்டுப் பிள்ளைகள் படிக்கிறார்கள் என்பது. மூன்றாவதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. பெரும்பாலும் முடிவைத் தீர்மானிப்பது அதுதான்.

அண்மைக் காலமாக நடுநிலை வகுப்புகளைப் பற்றியும் எண்கள் வரத் தொடங்கியுள்ளன. 2021 நவம்பரில் 3, 5, 8, 10 ஆகிய வகுப்புகளுக்குத் தேசிய அடைவு ஆய்வு நடந்தது. 2024 டிசம்பரில் 3, 6, 9 ஆகிய வகுப்புகளுக்கு 'பரக்' ஆய்வு நடந்தது. 2025 தொடக்கத்தில் தமிழக அரசே 3, 5, 8 ஆகிய வகுப்புகளுக்கு மாநில அடைவு ஆய்வை நடத்தியது. இவற்றுக்கெல்லாம் முன்பிருந்தே ஊரக வீடுகளுக்குச் சென்று குழந்தைகளை வாசிக்கச் சொல்லிப் பார்க்கும் பிரதம் அமைப்பின் 'ஏசர்' அறிக்கை இருக்கிறது. ஒவ்வொரு முறை முடிவு வெளியாகும்போதும் இரண்டு அணிகள் உருவாகின்றன. அரசுப் பள்ளி தோற்றுவிட்டது என்பது ஓர் அணியின் தீர்ப்பு. ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் வேறென்ன எதிர்பார்க்க முடியும் என்பது மற்றோர் அணியின் வாதம். முதல் அணி கணக்கில் பிழை செய்கிறது. இரண்டாம் அணி, தன்னையறியாமலேயே, குழந்தையைக் கைவிட்டுவிடுகிறது.

முதலில் அங்கே யார் படிக்கிறார்கள் என்பதைப் பார்ப்போம். தமிழகத்தில் நடுநிலைப் பள்ளி என்பது ஒன்று முதல் எட்டு வகுப்பு வரை ஒரே வளாகத்தில் நடக்கும் பள்ளி. ஒரு தலைமுறைக்கு முன்பு கிராமத்தின் எல்லா வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தனர். கர்ணம் மகனும் களையெடுப்பவர் மகளும் ஒரே கூரையின் கீழ் இருந்தனர். உள்ளே அமரும் வரிசையில் வேறுபாடுகள் இருந்திருக்கலாம். வருகைப் பதிவேடு ஒன்றுதான். நர்சரி, மெட்ரிகுலேஷன் பள்ளிகள் ஒன்றியத் தலைநகரங்கள் வரை பரவிய பிறகு, கட்டணம் செலுத்த முடிந்தவர்கள் படிப்படியாக வெளியேறினர். முதலில் அரசு ஊழியர், அடுத்து கடைக்காரர், பிறகு வெளிநாட்டில் வேலை பார்ப்பவரின் குடும்பம், இறுதியில் சொந்தமாக ஆட்டோ வைத்திருப்பவர்.

இத்துடன் பிறப்பு விகிதமும் சேர்ந்துகொண்டது. தேசிய குடும்ப நல ஆய்வின்படி (2019-21) தமிழகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாகப் பிறக்கும் குழந்தைகள் 1.8, மாதிரிப் பதிவு முறையின் 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் இது 1.4. வீட்டில் ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்றானபோது, கடன் பட்டாவது கட்டணப் பள்ளிக்கு அனுப்புவது பலருக்கு எட்டக்கூடிய ஆசையாகிவிட்டது. கிராமத்தில் பிள்ளைகளே குறைந்துவிட்டனர் என்பதும், இருக்கும் பிள்ளைகளில் ஒரு பகுதியினர் வேனில் ஏறிப் போகின்றனர் என்பதும் வெவ்வேறு செய்திகள். பள்ளியில் எண்ணிக்கை சரிவதற்கு ஆசிரியரைக் குற்றஞ்சாட்டுவோர் இவ்விரண்டையும் பிரித்துப் பார்ப்பதே இல்லை.

மிஞ்சியிருப்பவர்கள் யார்? 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழக மக்களில் பட்டியல் சாதியினர் 20 சதவீதம், பழங்குடியினர் 1.1 சதவீதம். பெரும்பாலான ஊராட்சி ஒன்றியப் பள்ளி வகுப்பறைகளில் இவர்களது பங்கு இதைவிட அதிகம் என்பதைக் கல்வித் துறையில் பணியாற்றியோர் அனைவரும் அறிவர். தாய் எட்டாம் வகுப்பைத் தாண்டாத பிள்ளைகள், நூறு நாள் வேலையையும் அறுவடைக் கூலியையும் நம்பி வாழும் குடும்பங்களின் பிள்ளைகள், பாட்டியின் பொறுப்பில் விடப்பட்ட பிள்ளைகள் அங்கே இருக்கின்றனர். திருப்பூர், சென்னைப் புறநகர், செங்கல் சூளைப் பகுதிகள் போன்ற இடங்களில் பிகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் சேர்ந்துள்ளனர். வீட்டில் இந்தியோ ஒடியாவோ பேசிவிட்டு வகுப்பில் தமிழில் கணக்குப் போடும் இக்குழந்தைகளின் அடைவும் அதே சராசரியில்தான் கூட்டப்படுகிறது. மகனைத் தனியார் பள்ளிக்கும் மகளை அரசுப் பள்ளிக்கும் அனுப்பும் வழக்கம் நாடெங்கும் உள்ளது. தமிழகம் அதற்கு முழு விதிவிலக்கு என்று சொல்ல மாட்டேன்.

இந்தப் பின்னணி நிலையானதும் அல்ல. ஏசர் அறிக்கையின்படி, 6 முதல் 14 வயது வரையிலான இந்திய ஊரகக் குழந்தைகளில் அரசுப் பள்ளியில் படிப்போர் 2018-இல் 65.6 சதவீதம், 2022-இல் 72.9 சதவீதம், 2024-இல் 66.8 சதவீதம். தமிழகத்திலும் வளைவு இதே வடிவத்தில்தான் ஏறி இறங்கியது. பெருந்தொற்றுக் காலத்தில் வருமானம் இழந்த குடும்பங்கள் பிள்ளைகளை அரசுப் பள்ளியில் சேர்த்தன. நிலைமை சீரானதும் ஒரு பகுதியினர் திரும்பிச் சென்றனர். அதே ஆய்வில், அரசுப் பள்ளிகளின் ஐந்தாம் வகுப்பு மாணவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 2018-இல் 44.2, 2022-இல் 38.5, 2024-இல் 44.8 சதவீதம். சரிந்து மீண்டது என்று இதைப் படிக்கிறோம். அது உண்மையே. ஆனால், மூன்று ஆண்டுகளிலும் அளக்கப்பட்டவர்கள் ஒரே வகைக் குடும்பங்களின் பிள்ளைகள் அல்லர் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

நடுநிலைப் பள்ளியில் இந்தச் சிக்கல் மேலும் கூர்மையடைவது ஆறாம் வகுப்பில். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-இல் வந்தது. மறு ஆண்டே பொறியியல் உள்ளிட்ட தொழிற்கல்விக்கும் விரிந்தது. உயர்கல்வி பயிலும் மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-இலும் தொடங்கின. இவற்றின் பொதுவான நிபந்தனை, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும் என்பது. எனவே, ஐந்தாம் வகுப்பு வரை நர்சரிப் பள்ளியில் படிக்கவைத்துவிட்டு ஆறாம் வகுப்பில் அரசுப் பள்ளிக்கு மாற்றுவது விவரம் அறிந்த பெற்றோருக்கு நியாயமான கணக்கு. இதில் குறை காண்பதற்கு ஒன்றுமில்லை. மக்கள் ஊக்கத்தொகைகளுக்கு ஏற்ப நடந்துகொள்வார்கள் என்பதைத்தான் பொருளியல் முதல் வகுப்பிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆனால் விளைவைப் பாருங்கள். எட்டாம் வகுப்பு மாணவர் ஒருவரின் வாசிப்புத் திறனை அளந்து அதை அந்தப் பள்ளியின் பெயரில் எழுதும்போது, அவருக்கு எழுத்தறிவித்தது அந்தப் பள்ளிதானா என்பதே தெரியாமல் போகிறது. பக்கத்து ஊர்த் தொடக்கப் பள்ளிகளிலிருந்து வந்தவர், தனியார் பள்ளியிலிருந்து வந்தவர், ஒன்றாம் வகுப்பிலிருந்து அங்கேயே படித்தவர் மூவரும் ஒரே எண்ணுக்குள் கலந்துவிடுகின்றனர்.

இப்போது ஒரு சிறு கணக்கு. கற்பனையான இரண்டு பள்ளிகள், இரண்டிலும் நூறு மாணவர்கள். முதலாவது கட்டணப் பள்ளி. அங்கே 80 பேருக்குத் தாய் படித்தவர். 20 பேர் முதல் தலைமுறையினர். முதல் பிரிவில் 70 சதவீதத்தினரும் இரண்டாவதில் 30 சதவீதத்தினரும் எதிர்பார்க்கப்படும் திறனை அடைகின்றனர். 56-உம் 6-உம் சேர்ந்து 62 பேர். இரண்டாவது, ஊராட்சி ஒன்றியப் பள்ளி. அங்கே விகிதம் தலைகீழ்: 20 பேருக்குத் தாய் படித்தவர், 80 பேர் முதல் தலைமுறையினர். முதல் பிரிவில் 75 சதவீதத்தினரும் இரண்டாவதில் 40 சதவீதத்தினரும் அத்திறனை அடைகின்றனர். 15-உம் 32-உம் சேர்ந்து 47 பேர். செய்தித்தாளில் வரப்போவது 62-உம் 47-உம்தான். ஆனால், படித்த தாயின் பிள்ளைக்கும் சரி, படிக்காத தாயின் பிள்ளைக்கும் சரி, நன்றாகக் கற்பித்த பள்ளி இரண்டாவது. கல்லூரியில் புள்ளியியல் தாள் நடத்திய காலத்தில் இக்கணக்கைக் கரும்பலகையில் எழுதும்போதெல்லாம், வகுப்பில் பாதிப் பேர் கூட்டலில் தவறு இருப்பதாகவே நினைப்பார்கள். தவறு எதுவும் இல்லை. எல்லாக் கட்டணப் பள்ளியும் இப்படி, எல்லா அரசுப் பள்ளியும் அப்படி என்று இது நிறுவுவதாகவும் கொள்ளக் கூடாது. சராசரியை மட்டும் வைத்துத் தீர்ப்பெழுத முடியாது என்பதை மட்டுமே இது நிறுவுகிறது.

கற்பனைக் கணக்கை விட்டு நிகழ்ந்த சோதனை ஒன்றுக்கு வருவோம். பிரிக்கப்படாத ஆந்திரப் பிரதேசத்தின் கிராமங்களில் கார்த்திக் முரளிதரன், வெங்கடேஷ் சுந்தரராமன் ஆகிய பொருளியலாளர்கள் நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. தனியார் பள்ளியில் சேர விரும்பிய குடும்பங்களிலிருந்து குலுக்கல் முறையில் சிலருக்குக் கட்டணச் சீட்டு வழங்கப்பட்டது. குலுக்கல் என்பதால் இரு தரப்புக் குழந்தைகளின் குடும்பப் பின்னணியும் ஒன்றே. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு சோதித்தபோது தெலுங்கிலும் கணக்கிலும் சீட்டு பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு இல்லை. இந்தியில் சீட்டு பெற்றவர்கள் தெளிவாக முன்னிலையில் இருந்தனர். ஊருக்குள் தனியார் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும் நடுவே நாம் காணும் பெரிய இடைவெளியில் பெரும்பகுதி, பள்ளிக்குள் நுழையும் முன்பே குழந்தை கொண்டுவருவது என்பது இதிலிருந்து புலனாகிறது. அமெரிக்காவில் ஆறு லட்சம் மாணவர்களை ஆராய்ந்து 1966-இல் வெளியான கோல்மன் அறிக்கை, பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே அடைவு வேறுபாட்டை அதிகம் விளக்குகிறது என்று சொன்னதும் ஏறத்தாழ இதைத்தான்.

அரசுப் பள்ளியின் ஆதரவாளர்கள் பலர் ஆந்திர ஆய்வை இத்துடன் நிறுத்திவிடுவார்கள். அதன் மறுபாதி கசப்பானது. அதே அடைவைத் தனியார் பள்ளிகள் எட்டியது, மாணவர் ஒருவருக்கு அரசு செலவிடுவதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான செலவில். அங்கே ஆசிரியர்களுக்கு வழங்கப்பட்ட அற்பச் சம்பளமே அதற்கு முதன்மைக் காரணம். அதை முன்மாதிரியாகக் கொள்ள முடியாது. இருந்தாலும், பயிற்சி பெற்ற ஆசிரியர், முறையான ஊதியம், இலவசப் பாடநூல், சீருடை, மதிய உணவு எல்லாம் இருந்தும் குழந்தை ஏன் கூடுதலாகக் கற்கவில்லை என்ற கேள்வி எஞ்சி நிற்கிறது.

குடும்பப் பின்னணியைச் சுட்டிவிட்டு இக்கேள்வியிலிருந்து தப்ப முடியாது. 2024 ஏசர் அறிக்கையின்படி, நாட்டின் ஊரக அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு மாணவர்களில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக் கூடியவர்கள் 67.5 சதவீதம். அதாவது, எட்டு ஆண்டுகள் பள்ளிக்கு வந்தும் மூன்றில் ஒருவரால் அது இயலவில்லை. அரசு, தனியார் இரண்டையும் சேர்த்தாலும் எட்டாம் வகுப்பில் எளிய வகுத்தல் கணக்கைச் செய்யக் கூடியவர்கள் 45.8 சதவீதம்தான்.

இதற்கான காரணத்தை மிகத் தெளிவாகக் காட்டிய ஆய்வு, டெல்லியின் அரசு நடுநிலைப் பள்ளி மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2019-இல் வெளியானது. முரளிதரன், அபிஜித் சிங், அலெஹாந்த்ரோ கானிமியன் ஆகியோர் செய்த ஆய்வு அது. ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கியிருந்தனர். மேல் வகுப்புக்குச் செல்லச் செல்ல இந்த இடைவெளி அகன்றது. வகுப்பின் கடைசி மூன்றில் ஒரு பங்கினர், வழக்கம்போல் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த காலத்திலேயே, அளக்கத்தக்க எந்த முன்னேற்றமும் அடையவில்லை. ஆசிரியர் ஏழாம் வகுப்புப் பாடநூலைத்தான் நடத்துகிறார். எதிரே இருப்பவர்களில் ஒருவர் மூன்றாம் வகுப்பு நிலையில் இருக்கிறார், இன்னொருவர் ஐந்தாம் வகுப்பு நிலையில். ஒவ்வொருவரின் நிலைக்கேற்பப் பயிற்சி தரும் கணினி வழிக் கற்பித்தலும் சிறு குழு வகுப்பும் நாலரை மாதங்கள் வழங்கப்பட்டபோது கணக்கிலும் இந்தியிலும் கணிசமான முன்னேற்றம் ஏற்பட்டது. அதே ஏழைக் குடும்பங்கள், அதே பிள்ளைகள். மாறியது, பாடம் எங்கிருந்து தொடங்கியது என்பது ஒன்றுதான்.

நம் மாநிலத்திலேயே சான்று உண்டு. பள்ளிகள் மூடிக்கிடந்த பிறகு தமிழக ஊரகத்தில் சுமார் 19,000 குழந்தைகளிடம் அபிஜித் சிங், மௌரிசியோ ரொமேரோ, முரளிதரன் ஆகியோர் நடத்திய ஆய்வு, 2021 டிசம்பரில் குழந்தைகள் 2019-இல் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கில் வெகுவாகவும் தமிழில் ஓரளவும் பின்தங்கியிருந்ததைக் கண்டது. பள்ளி திறந்த ஆறே மாதங்களில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்கு, மாலை நேரத்தில் தன்னார்வலர்கள் நடத்திய 'இல்லம் தேடிக் கல்வி' வகுப்புகளே காரணம் என்று அவ்வாய்வு மதிப்பிட்டது. மீட்சி வேகமாக இருந்தது பின்தங்கிய குடும்பங்களின் குழந்தைகளிடம். கிராமத்துப் படித்த பெண்கள் பெரும்பான்மையாக, சொற்ப ஊக்கத்தொகைக்கு, கோயில் திண்ணையிலும் வீட்டு முற்றத்திலும் நடத்திய வகுப்புகள் இவை. அத்திட்டம் பின்னாளில் சுருங்கிப்போனது பற்றி நாம் போதுமான அளவு பேசவில்லை.

ஆகவே, பின்னணியைக் கணக்கில் எடுத்துக்கொள்வது பள்ளியை மன்னிப்பதற்காக இருக்க முடியாது. ஒவ்வொரு பிரிவுக் குழந்தையும் அங்கே என்ன பெறுகிறது என்பதைத் தனித்தனியே பார்ப்பதற்காக இருக்க வேண்டும். இதை அமெரிக்கா சட்டமாகவே இயற்றிப் பார்த்தது. 2002-இல் நடைமுறைக்கு வந்த 'எந்தக் குழந்தையும் பின்தங்கக் கூடாது' என்ற சட்டம், ஒவ்வொரு பள்ளியும் இனம், வருமானம், மாற்றுத்திறன், ஆங்கிலம் கற்கும் நிலை ஆகியவற்றின்படி அடைவைப் பிரித்து வெளியிடப் பணித்தது. நல்ல சராசரியின் பின்னால் கறுப்பினக் குழந்தைகளின் பின்தங்கல் ஒளிந்துகொள்ள முடியாமல் போனது; அதற்காக அச்சட்டத்துக்கு நன்றி சொல்லலாம். ஆனால், 2014-க்குள் அனைவரும் தேர்ச்சி என்ற இலக்கும், தவறினால் தண்டனை என்ற மிரட்டலும் வேறொன்றைச் செய்தன. தேர்ச்சிக் கோட்டுக்கு மிக அருகில் இருந்த மாணவர்கள் மீதே பள்ளிகள் கவனத்தைக் குவித்தன. மிகவும் பின்தங்கியவர்கள் அப்படியே இருந்தனர். சிகாகோ பள்ளிகளின் தரவுகளைக் கொண்டு நீல், ஷான்சன்பாக் ஆகிய பொருளியலாளர்கள் இதைக் காட்டினர். 2015-இல் அச்சட்டத்தின் இடத்தில் வேறொரு சட்டம் வந்தது.

நமக்கு இது அயல்நாட்டுச் செய்தியாகத் தோன்றத் தேவையில்லை. பத்தாம் வகுப்பில் 'மெல்லக் கற்போர்' என்று ஒரு பட்டியல் தயாரித்து, 35 மதிப்பெண்ணுக்குத் தேவையான வினாக்களை மட்டும் மனப்பாடம் செய்யவைக்கும் மாலை வகுப்புகள் எந்த ஊரில் இல்லை? தேர்ச்சி விகிதம் உயர்கிறது. அந்த மாணவர் கல்லூரிக்கு வரும்போது விழுக்காடு என்றால் என்னவென்று மீண்டும் தொடங்க வேண்டியிருக்கிறது. நடுநிலை வகுப்புகளுக்குப் பொதுத் தேர்வு இல்லாததில் ஒரு நன்மை இருக்கிறதென்றால், அங்கே இந்த நோய் இன்னும் முழுமையாகப் பரவவில்லை என்பதுதான். பள்ளி வாரியாகச் சராசரியை வெளியிட்டுத் தரவரிசை போடத் தொடங்கினால் அதுவும் வந்துவிடும்.

சிறிய பள்ளிகளில் தரவரிசை அபத்தமாகவும் முடியும். எட்டாம் வகுப்பில் 12 பேர் படிக்கும் பள்ளியில் ஒரே மாணவரின் முடிவு மாறினால் விகிதம் எட்டு சதவீதப் புள்ளிகளுக்கு மேல் நகரும். நன்றாகப் படிக்கும் இரு பிள்ளைகளின் குடும்பம் பிழைப்புக்காகத் திருப்பூர் சென்றுவிட்டால் அப்பள்ளி 'சரிந்துவிட்டது'. மறு ஆண்டு வேறு இருவர் வந்தால் 'எழுச்சி'. தலைமை ஆசிரியர் முதல் ஆண்டில் விளக்கக் கடிதம் எழுதுவார். இரண்டாம் ஆண்டில் பாராட்டுச் சான்றிதழ் பெறுவார். இரண்டு ஆண்டுகளிலும் அவர் செய்தது ஒரே வேலையாக இருந்திருக்கும்.

அப்படியானால் எதை அளப்பது? ஒரே குழந்தை ஓராண்டில் எவ்வளவு தூரம் நகர்ந்தது என்பதை. தமிழகத்துக்கு இது புதிய செலவு அன்று. ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண், பெற்றோரின் தொழில், முன்பு படித்த பள்ளி எல்லாம் 'எமிஸ்' தளத்தில் இருக்கின்றன. அவற்றைப் பதிவேற்றுவதிலேயே தங்கள் பாடவேளை கரைவதாக ஆசிரியர்கள் புலம்புவது நியாயமானது. அவ்வளவு உழைப்பில் திரட்டிய தரவு, பெரும்பாலும் நலத்திட்டப் பொருள்களை வழங்கவும் சேர்க்கையை எண்ணவுமே பயன்படுகிறது. 2025-26 கல்வியாண்டில் 6 முதல் 9 வரையிலான வகுப்புகளுக்குக் கொண்டுவரப்பட்ட 'திறன்' திட்டம், தமிழ், ஆங்கிலம், கணக்கு ஆகியவற்றில் அடிப்படைத் திறனைச் சோதித்து, பின்தங்கியோருக்குத் தனிப் பயிற்சி தருவதை நோக்கமாகக் கொண்டது. டெல்லி ஆய்வு சுட்டிய இடத்தில்தான் அது கை வைக்கிறது. தொடக்கச் சோதனையும் இறுதிச் சோதனையும் ஒரே மாணவரின் எண்ணோடு இணைக்கப்பட்டால், பள்ளி என்ன செய்தது என்பது முதன்முறையாகத் தெரியவரும். ஆண்டு நடுவில் வந்த மாணவரையும் சென்ற மாணவரையும் பிரித்துக் காட்டவும் முடியும்.

இங்கே எச்சரிக்கை ஒன்று தேவை. சமூகப் பிரிவு வாரியான விவரத்தைப் பள்ளி அளவில் பொதுவெளியில் வைக்கக் கூடாது. ஒரு வகுப்பில் இரண்டே பழங்குடி மாணவர்கள் இருக்கும் இடத்தில் அந்த எண் யாரைக் குறிக்கிறது என்பது ஊருக்கே தெரியும். பிரிவு வாரியான விவரம் மாவட்ட அளவில் வெளிவரட்டும். பள்ளி அளவில் வளர்ச்சி மட்டும், அதுவும் மூன்று ஆண்டுச் சராசரியாக.

அளப்பது மட்டும் போதாது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டைச் சொல்ல வேண்டும். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பரில் மதுரையில் 1,545 தொடக்கப் பள்ளிகளில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் விரிந்தபோது, 1 முதல் 5 வகுப்பு வரையிலான குழந்தைகளுக்கு என வரையறுக்கப்பட்டது. பாராட்டத்தக்க திட்டம். ஆனால், நடுநிலைப் பள்ளி வளாகத்தில் அந்த வரையறை எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ஐந்தாம் வகுப்புத் தம்பி உப்புமா சாப்பிடுகிறான். அதே வாசல் வழியாக வெறும் வயிற்றோடு வந்த ஏழாம் வகுப்பு அக்காள் பார்த்துக்கொண்டிருக்கிறாள். இரத்தச்சோகை அதிகம் தாக்கும் வயது அவளுடையது. அவளுடைய கணக்கு மதிப்பெண்ணைப் பிற்பாடு ஆய்வு செய்து பின்னணியே காரணம் என்று எழுதுகிறோம்.

ஆசிரியர் நிலையும் அப்படியே. கல்வி உரிமைச் சட்டத்தின்படி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளுக்கு அறிவியலும் கணிதமும் சேர்ந்து ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிகளுக்கு ஒருவர் எனக் குறைந்தது மூன்று ஆசிரியர்கள் வேண்டும். இந்த மூவரில் ஒருவர் இடமாறுதலில் சென்று அந்த இடம் நிரப்பப்படவில்லை என்றால், மூன்று வகுப்புகளுக்கும் கணக்கும் அறிவியலும் ஒரே நாளில் நின்றுபோகின்றன. பெரிய மேல்நிலைப் பள்ளியில் ஒரு காலியிடத்தை மற்றவர்கள் பகிர்ந்துகொள்ள முடியும்; இங்கே பகிர்ந்துகொள்ள யாருமில்லை. இதையே காரணம் காட்டிச் சிறிய பள்ளிகளை இணைத்துவிடலாம் என்போர் உண்டு. பொருளியல் நோக்கில் அவ்வாதத்தில் வலு இருக்கிறது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால், நடுநிலை வகுப்புகளுக்கு மூன்று கிலோமீட்டர் என்ற தொலைவு வரம்பு காரணத்தோடு வகுக்கப்பட்டது. வரம்பைத் தாண்டினால் முதலில் நின்றுபோவது பருவமெய்திய பெண்ணின் படிப்பு. இணைப்பதாக இருந்தால் வாகனச் செலவையும் சேர்த்தே சேமிப்பைக் கணக்கிட வேண்டும். அப்படிக் கணக்கிட்டால் சேமிப்பு எவ்வளவு மிஞ்சும் என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.

பள்ளியை மதிப்பிடும் உரிமை யாருக்கு என்பதிலும் சட்டம் தெளிவாக இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். நலிந்த பிரிவினருக்கு விகிதாசாரப் பிரதிநிதித்துவம். கூட்டங்கள் நடக்கின்றன; கையெழுத்துகள் பெறப்படுகின்றன; சுற்றுச்சுவரும் கழிப்பறையும் பேசப்படுகின்றன. அவையும் பேசப்பட வேண்டியவையே. சென்ற ஜூனில் ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர்களில் கழித்தல் தெரியாமல் வந்தவர்கள் எத்தனை பேர், இப்போது ஏழாம் வகுப்புக்குப் போகும் அவர்களில் எத்தனை பேர் வகுத்தல் வரை வந்திருக்கிறார்கள், கணக்கு ஆசிரியர் இடம் இந்த ஆண்டில் எத்தனை நாள் காலியாக இருந்தது என்று அந்தக் கூட்டத்தில் கேட்கும் தாய்க்கு இன்று விடை கிடைக்காது. விடை தலைமை ஆசிரியரின் கைக்கணினியில் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை அதை ஒரு பக்கத்தில் அச்சிட்டுக் குழுவின் முன் வைக்கச் சொல்லும் அரசாணைக்கு நிதி ஒதுக்கீடுகூடத் தேவையில்லை.